போன் அக்கா வீட்டுக்கு யார் கூப்பிடுவது?

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் தலை நிமிராமல் இருக்கும் அக்காவின் கணவர், எங்கள் மாமாவே, உடன் வேலை செய்யும் தோழர்களே, போன் அக்காவின் குரலை மட்டுமே கேட்டுவிட்டு முகத்தை இன்று இந்தப் படத்தில் முதன்முதலாகப் பார்க்கிற நோயாளிகளே, அவர்களுடைய வீட்டாரே, எல்லோருக்கும் வணக்கம்.

எழுதி வைத்துப் பேசு என்றார்கள். எழுதினால் அலங்காரமாகப் பொய் சொல்லிவிடுவேனோ என்று பயந்து வெறுங்கையோடு வந்திருக்கிறேன். புற்றுநோய்ப் பதிவகத்தில் கணக்குப் பார்க்கிறவன் நான். அக்காவுக்குப் பக்கத்து மேசைக்காரன்.

உலகத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வருகிறது, ஒரு கோடிப் பேர் வரை இறக்கிறார்கள், இந்த நூற்றாண்டின் நடுவில் புதிதாக வருகிறவர்கள் மூன்றரைக் கோடியைத் தாண்டலாம் என்றெல்லாம் செய்தியில் படிக்கிறோம். அந்தக் கணக்கு என்ன வானத்திலிருந்தா குதிக்கிறது? எங்கள் அறை போன்ற அறைகளிலிருந்து போகிறது. சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர் இருக்கிறாரா, இல்லையா என்று ஆண்டுதோறும் யாராவது கேட்க வேண்டும். அப்படிக் கேட்டவர்தான் எங்கள் முதுநிலைத் தொடர்பாளர். நோயாளிகள் வைத்த பெயர், போன் அக்கா.

ஆனால் அவர் ஒருநாளும் "உயிரோட இருக்காங்களா" என்று கேட்டதில்லை. "வீட்ல எல்லாரும் எப்படி இருக்கீங்க?" என்பார். பிறகு காத்திருப்பார். எதிர்முனையில் பேச்சே வராவிட்டால் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். அறையில் நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம்.

அவர் சேர்ந்த புதிதில் அப்பாவைப் பற்றிக் கேட்டால் மகன் பதில் சொன்னான், மாமியாரைப் பற்றிக் கேட்டால் மருமகள் சொன்னாள். கடைசிச் சில ஆண்டுகளாக மகளைப் பற்றிக் கேட்கக் கூப்பிட்டால் அம்மா எடுக்கிறார். "என்னப்பா இது, பெத்தவங்ககிட்ட பிள்ளைங்களைப் பத்திக் கேக்குற வேலையா போச்சே" என்று ஒருநாள் என்னிடம் அழுதார். என் வரைபடத்தில் இளவயது நோயாளிகளின் கோடு கொஞ்சம் மேலே ஏறியிருந்தது, அவ்வளவுதான். அந்தக் கோட்டின் குரலைக் கேட்டவர் அவர்.

இறந்துபோன ஓர் அம்மாவின் எண், அந்தச் சாவு எங்களுக்குத் தெரியும் முன்பே, ஒரு லாரி ஓட்டுநருக்குப் போய்விட்டது. அக்கா அந்த அம்மாவைக் கேட்டுக் கூப்பிட, அவர் எரிந்து விழுந்தார்: "செத்தவங்களைத் தேடி எனக்கு ஏன்மா போன் பண்றீங்க? ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது." அக்கா மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு விட்டாரா? "நீங்க எப்படி இருக்கீங்க தம்பி?" என்றார். சில மாதம் கழித்து அவரே கூப்பிட்டார்: "அக்கா, நாக்குல ஒரு புண்ணு, ஆறவே மாட்டேங்குது." உடனே வரவழைத்து டாக்டரிடம் காட்டினோம். தொடக்கத்திலேயே பிடிபட்டது. அதோ, கடைசி வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

பிறகு அக்காவுக்கே வந்தது. "என் பேரையும் பதிவு பண்ணு. வருஷா வருஷம் கூப்பிடணும், சும்மா விட்டுடாதே" என்றார். முதல் ஆண்டு முடிந்தபோது, "நீங்கதான் பக்கத்துலயே உக்காந்திருக்கீங்களே" என்றேன். "பக்கத்துல இருக்கிறதெல்லாம் கணக்குல வராது. வீட்டுக்காரங்க வாயால சொல்லணும். போன் பண்ணு" என்றார். பண்ணினேன். மாமாதான் எடுத்தார். "நல்லாத்தான் இருக்கா. காலையில என்னோட சண்டை போட்டுட்டு அங்கதானே வந்தா?" அன்று அறையே சிரித்தது.

அவர் போன பிறகும் அவர் மேசைத் தொலைபேசி அடிக்கிறது. யாரும் தொடுவதில்லை. போன வாரம் துணிந்து எடுத்தேன். ஒரு பெண்மணி. "இந்த வருஷம் அக்கா கூப்பிடவே இல்லையே தம்பி. எப்படி இருக்காங்க?" என்னால் பேச முடியவில்லை. வெகுநேரம் கழித்து, "சரிப்பா, புரிஞ்சுது" என்று வைத்துவிட்டார்.

இயக்குநர் அவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த மாதம் முதல் கணினியே வீடுகளுக்குக் கூப்பிடும் என்கிறீர்கள். உயிருடன் இருந்தால் ஒன்றை அழுத்துக, இல்லையெனில் இரண்டை அழுத்துக. நோயாளிகள் பெருகிவிட்டார்கள், ஆட்கள் பெருகவில்லை என்று நீங்கள் சொல்வதை மறுக்க என்னிடம் கணக்கு இல்லை. ஆனால் அக்காவின் வீடும் அதில் வருகிறது. நாம் இங்கே படம் வைத்து அழுதாலும், வீட்டார் சொல்லும்வரை பதிவகத்தில் அவர் உயிரோடுதான் இருக்கிறார். முன்வரிசையில் இருக்கும் இந்த மனிதர் அந்த வீட்டில் தனியாக நின்று எண் இரண்டை அழுத்த வேண்டுமா? அந்த விரலை நினைத்து நான் எத்தனை நாளாகத் தூங்கவில்லை தெரியுமா?

யார் கூப்பிடுவது என்று எங்கள் அறையில் ஒருவரும் பேச்செடுக்கவில்லை. இந்தச் சபையில் நான் சொல்கிறேன். கணக்கு வேலை முடிந்த நேரமெல்லாம் அந்த நாற்காலியில் நான் உட்காருவேன். முடிந்தவரை எல்லா வீடுகளுக்கும் மனிதக் குரலிலேயே கேட்பேன். முடியாமல் போகும்போது, முடியவில்லை என்று உங்களிடமே வந்து சொல்வேன்.

மாமா, நாளை காலையில் முதல் அழைப்பு உங்கள் வீட்டுக்குத்தான். தயவுசெய்து எடுங்கள். "வீட்ல எல்லாரும் எப்படி இருக்கீங்க?" என்று கேட்பேன். நீங்கள் உடனே சொல்ல வேண்டாம். நான் வைக்க மாட்டேன்.