வெட்டப்படாத கம்பி

மணி பன்னிரண்டு. சரக்குக் கிடங்குகளுக்குப் பின்புறமாகப் போகும் நீண்ட சாலை. ஒரு வண்டி இல்லை... ஓர் ஆள் இல்லை.

"ராத்திரி பன்னிரண்டுதானே?"

இல்லை. பகல்.

"பகல்லயா? பேயே சாப்பிட்டுட்டுப் படுத்திருக்கிற நேரம்டா அது!"

சிரித்துக்கொள். ஆனால் தனியாகச் சுவரோரம் உட்காராதே, இந்தப் பக்கம் நகர்ந்து வா. மெழுகுவர்த்தி வெளிச்சம் அந்த மூலைக்கு எட்டவில்லை. பேய் வர இருட்டு வேண்டும் என்று யார் விதித்தது? இது முழுவதும் வெளிச்சத்தில் நடந்தது. ஜன்னலில் வெயில் விழுந்துகொண்டிருந்தபோது நடந்தது.

என் அறைத்தோழனின் பெரியப்பா மகளுக்கு நடந்தது. நாங்களும் அவளை அக்கா என்றுதான் சொல்வோம். அவள் சொல்லி அவன் கேட்டான். அவன் சொல்லி நான் கேட்டேன். நடுவில் நான் எதையும் கூட்டவில்லை.

அன்று விடுமுறை. அக்கா கார் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். பின் இருக்கையில் அவளுடைய அப்பா. ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்த மனிதர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். பிறகு மெதுவாக...

"அம்மாடி, என் இடது கால் வண்டியிலதானே இருக்கு?"

அக்கா வண்டியை ஓரம் கட்டிப் பின்கதவைத் திறந்தாள். கால் இருந்தது. தொட்டால் குளிர்ந்த இரும்பைத் தொட்டதுபோல் இருந்தது. முழங்காலுக்குக் கீழே மெழுகு நிறம். அவள் நர்ஸ். ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் பிரிவிலேயே வேலை பார்ப்பவள். யாரும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. எங்கிருந்தோ மிதந்து வந்த ரத்தக்கட்டி தொடைக் குழாயில் சிக்கியிருக்கிறது. சில மணி நேரத்துக்குள் அதைக் கரைக்காவிட்டால் காலை எடுத்துவிடுவார்கள்.

"என்னம்மா, சிக்னல் விழலையா?"

"லைன்ல எதுவோ குறுக்க நிக்குதுப்பா."

"அப்ப வண்டி லேட்டுதான்" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றி முழுக்க வியர்வை.

அக்கா ஓட்டிக்கொண்டே கணவரைக் கூப்பிட்டாள். அவர் அந்த ஆஸ்பத்திரிக்குக் கருவிகள் கொண்டுவந்து தரும் ஏஜெண்ட். சிகிச்சையின்போது அறைக்குள்ளேயே நின்று கருவிப் பெட்டியை இயக்கிக் காட்டுபவரும் அவர்தான். நல்ல மனிதர் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பெயர். டாக்டர் முதல் துப்புரவாளர் வரை எல்லோரையும் உறவு சொல்லிப் பேசுவார். "நீ பதறாதே. நான் வர்றேன். மாமா காலுக்கு நான் பொறுப்பு" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் அவளுக்குப் பாதி உயிர் திரும்பிவந்தது.

அந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், பாடம் எடுக்கப் போவதில்லை. மெல்லிய நீளக் குழாய் ஒன்று. தொடையிடுக்கு வழியாக உள்ளே நுழைத்து, கட்டிக்குள் செருகி வைப்பார்கள். குழாய்க்குள் ஒரு கம்பி; அதை இயக்கும் பெட்டி வெளியே. அந்தக் கம்பி ஒலி எழுப்பும்... நம் காதுக்குக் கேட்காத ஒலி. அது கட்டியின் பின்னலைத் தளர்த்தும். தளர்ந்த இடத்தில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். சில மணி நேரம் நோயாளி அசையாமல் படுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு உடம்புக்கு ஒரு கம்பி. அது அங்கே விதி. வேலை முடிந்ததும் நர்ஸ் கம்பியைக் குப்பைத்தொட்டிக்கு மேலே பிடித்து, கத்தரியால் இரண்டாக வெட்டிப் போட வேண்டும். இன்னொருவருக்குள் அது போகக்கூடாது என்பதற்காக. அந்தப் பிரிவில் சேரும் எவருக்கும் முதலில் சொல்லித்தருவது அதைத்தான்.

அக்காவும் வெட்டிக்கொண்டுதான் இருந்தாள், கல்யாணம் ஆகும்வரை. அதன்பிறகு கணவர் சில நாள் சொல்வார். "இதை வெட்டாதேம்மா. சரியா வேலை செய்யல. கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிக் காரணம் கேக்கணும்." அவள் துடைத்து அவர் கையில் கொடுத்துவிடுவாள். வீட்டுக்காரரிடம் போய் யாராவது ரசீது கேட்பார்களா?

அன்று அவர் உறை பிரிக்காத புதுப் பொட்டலத்துடன் வாசலிலேயே நின்றார். டாக்டர் வேலையை முடித்தார். கம்பி உள்ளே போனது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. பெரியவரைக் கண்காணிப்பு அறைக்கு மாற்றினார்கள். மேற்குப் பார்த்த ஜன்னல். கட்டிலில் வெயில்.

அங்கே இன்னொரு சிறிய கருவி உண்டு. பேனா அளவுதான். கணுக்காலில் பசை தடவி அதை வைத்தால், உள்ளே ரத்தம் ஓடும் ஓசையைச் சின்ன ஸ்பீக்கரில் கேட்கலாம். அக்கா வைத்தாள். வெறும் இரைச்சல். ரேடியோவில் நிலையம் கிடைக்காதபோது வருமே... அது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைத்தாள். இரைச்சல். மறுபடி. பெரியவர் தூக்க மருந்தின் மயக்கத்தில் இருந்தார். தலைமாட்டுத் திரையில் அவர் இதயம், தண்டவாளத்தில் ஓடும் வண்டிபோல, ஒரே சீராக... டக், டக், டக்.

நாலாவதோ ஐந்தாவதோ முறை... கணுக்காலில் ஓசை வந்தது.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. கால் பிழைத்துவிட்டது! ஸ்பீக்கர் ஒலியைக் கூட்டினாள். ஷ்ஷ், ஷ்ஷ்... பிறகு ஒரு நிறுத்தம்... ஷ்ஷ்ஷ்ஷ். மறுபடி, இரண்டு வேகமாக... நிறுத்தம்... இழுத்து ஒன்று.

திரையைப் பார்த்தாள். டக், டக், டக். ஒரே சீர்.

கணுக்காலில் அப்படி இல்லை.

யோசித்துப் பாருங்கள். ஓர் உடம்பில் ஓர் இதயம்தான். மேலே அடிக்கிற அடிதான் கீழே கேட்க வேண்டும். கருவிக் கோளாறு என்று வலது காலில் வைத்தாள். டக், டக், டக். திரையோடு அச்சாகப் பொருந்தியது. இடது காலில் வைத்தாள். இரண்டு வேகமாக... நிறுத்தம்... இழுத்து ஒன்று.

அந்த ஓசையை அவள் முன்பே கேட்டிருக்கிறாள்.

போன மழைக்காலத்தில் ஒரு தையல்கார அம்மா வந்திருந்தார். அவருக்கும் கால்தான். அவர் இதயம் அப்படித்தான் அடிக்கும். "என் மெஷினும் இப்படித்தான் சிஸ்டர், நடுவுல நூல் சிக்கி நின்னு நின்னு ஓடும்" என்று அவரே சிரித்திருக்கிறார். கால் பிழைத்தது. மறுநாள் மூளையில் ரத்தம் கசிந்து ஆள் போய்விட்டார். இந்த மருந்தில் அப்படியும் நடக்கும், எப்போதாவது.

அவருடைய கம்பி, கணவர் வெட்ட வேண்டாம் என்று வாங்கிப் போன கம்பிகளில் ஒன்று.

அந்த நேரத்தில் அறையில் ஒரு வாசனை எழுந்தது. ஸ்பிரிட் வாசனை இல்லை. மருந்து வாசனை இல்லை. தையல் மெஷின் எண்ணெயும்... புதுத்துணியும்.

"டேய், போதும்டா..."

போதாது. கேள்.

அவள் முதலில் என்ன செய்திருக்க வேண்டும்? பெட்டியை அணைத்திருக்க வேண்டும். கை சுவிட்ச் வரை போனது. ஆனால் மெழுகு நிறம் மாறிக்கொண்டிருந்தது. கட்டை விரலில் மட்டும் கொஞ்சம் சூடு. இப்போது நிறுத்தினால் பாதி கரைந்த கட்டி மறுபடி இறுகும். வேறு கம்பிக்கு எங்கே போவது? அதை இருப்பில் வைத்திருக்கும் ஒரே ஆள் அவள் கணவர். உருவினால் அப்பாவின் கால் போகும். உள்ளே விட்டால்... உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள். கதவைத் திறந்து, நடையில் நின்றிருந்த கணவரை உள்ளே கூப்பிட்டாள்.

"இது புதுசுதானே?"

"எது?"

"கம்பி."

அவர் சிரித்தார். "நல்லாக் கேட்டே போ! உங்கப்பாவுக்கு நான் பழசைக் கொண்டுவருவேனா? காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல நீ, அதான் கண்டதையும் யோசிக்கிறே."

"இதைக் கேளுங்க."

கணுக்காலில் கருவியை வைத்தாள். அவர் தலையைச் சாய்த்து, பொறுமையாகக் கேட்டார்.

"அருமையா ஓடுதே! இதுக்கா முகத்தை இப்படி வச்சிருக்கே? சத்தியமாச் சொல்றேன், புதுசு. என் கையால பிரிச்சது. நம்ப மாட்டியா என்னை?"

நம்பினாள். அதுதான் இந்தக் கதையிலேயே எனக்குத் தாங்க முடியாத இடம். காதில் கேட்டதை விட்டுவிட்டு, அந்த முகத்தை நம்பினாள். 'எனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது' என்று மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

அப்போது கட்டிலிலிருந்து...

"தம்பி."

பெரியவரின் கண் மூடியே இருந்தது. குரல் அவருடையதுதான். பேச்சு அவருடையதாக இல்லை. மருமகனை அவர் ஒருநாளும் தம்பி என்று கூப்பிட்டதில்லை. மாப்பிள்ளை என்பதைத் தவிர அவர் வாயில் வேறு சொல் வராது.

"தம்பி... என்கிட்டயும் புதுசுன்னுதானே சொன்னீங்க?"

"இல்லம்மா, அது வந்து..."

அவ்வளவுதான் கணவர் சொன்னார்.

அறையில் ஸ்பீக்கர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வெயில் அப்படியே கட்டிலில் கிடந்தது. அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

மாமனாரை அவர் அம்மா என்று கூப்பிட்டிருந்தார்.

"யாருக்குப் பதில் சொன்னீங்க?" என்றாள் அக்கா.

அவர் கதவைப் பார்த்தார்.

"அந்தம்மாவுக்குப் போட்டதும் பழசா?"

"கழுவி, சுத்தம் பண்ணி, புது உறை போட்டு ஒட்டித்தான்... எல்லா இடத்திலயும் நடக்கிறதுதான். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. நீ வேற இதைப் பெரிசாக்காதே."

"எங்கப்பாவுக்குமா?"

"விடுமுறை நாள்மா... குடோன் பூட்டியிருந்துச்சு. கையில இருந்தது அது ஒண்ணுதான். கால் போறதுக்கு இது மேல் இல்லையா, நீயே சொல்லு?"

அவள் சொல்ல என்ன இருக்கிறது? தன் கையால் துடைத்து, தன் கையால் கொடுத்தவள் அவள். மனைவி என்று நினைத்து அவர் கம்பியைக் கேட்கவில்லை. நர்ஸ் என்று நினைத்துத்தான் கேட்டிருக்கிறார். ஒருவேளை கல்யாணமே...

அந்த நினைப்பை அவள் முடிக்கவில்லை. ஸ்பீக்கரில் ஓசை மாறியது. இரண்டு வேகம், நிறுத்தம், இழுவை, அது நின்றுபோனது. அதன் இடத்தில் வேறொன்று வந்தது. மெதுவாக. கனமாக. மாடிப்படி ஏறிவரும் ஆள் போல.

கட்டிலில் உதடுகள் அசைந்தன.

"சுண்டு."

கணவர் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டார்.

அவரைச் சுண்டு என்று கூப்பிட்டவர் உலகத்தில் ஒருவர்தான். அவருடைய அண்ணன். இவர்கள் கல்யாணத்துக்கு முன்பே, அதே ஆஸ்பத்திரியில், அதே சிகிச்சையில் இறந்தவர். இந்தக் கருவி அங்கே வந்தபோது முதன்முதலில் அவருக்குத்தான் வைத்தார்கள். கல்யாணமான புதிதில் ஒருநாள் கணவர் அக்காவின் மடியில் தலை வைத்து அழுதிருக்கிறார். 'அண்ணன் உடம்புல கடைசியா இருந்தது அந்தக் கம்பிதான். அதை வெட்டிக் குப்பையில போட எனக்கு மனசு வரல, எடுத்து வச்சுட்டேன்' என்று. இவ்வளவு பாசமா என்று அவளும் சேர்ந்து அழுதிருக்கிறாள்.

"சுண்டு... இன்னும் எத்தனை பேருக்குள்ளடா என்னை அனுப்புவே?"

கணவர் கதவுப் பக்கம் ஒரு காலை எடுத்து வைத்தார்.

அந்தக் கதவைத் திறந்துகொண்டு டாக்டர் உள்ளே வந்தார். பெரியவரின் இடது கால் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். ரோஜா நிறத்துக்கு வந்திருந்தன. "பெரியவரே, லைன் க்ளியர்! வண்டியை எடுத்துடலாம்" என்று உரக்கச் சொன்னார். பிறகு அக்காவிடம், "சிஸ்டர், கம்பியை உருவிடலாமா?"

பெரியவர் கண்ணைத் திறந்தார். தெளிவான கண். மகளைப் பார்த்துச் சிரித்தார். இந்தத் தடவை குரலும் அவருடையது, பேச்சும் அவருடையது.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லும்மா. மாப்பிள்ளையையும் வெளியே விட்டுடாதே. கம்பிக்குள்ள இன்னும் ஆளுங்க நிக்கிறாங்க."

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

அவள் போய்க் கதவைச் சாத்தித் தாழிட்டாள்... உள்பக்கமாக.