ஒத்தப் பாட்டுக்கு என்ன விலை

சித்தையன்கோட்டை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் கையில் ஒரு பென்டிரைவ்.

"நான் பாடுன பாட்டை நானே கடையில கேட்டு வாங்கிட்டு வாரேன்டி."

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"என்னக்கா சொல்றீங்க?"

"சர்ச் திருவிழாவுக்குக் கம்மலை வித்து சிடி போட்டேன்ல. நூறு ரூவாயான்னு அம்புட்டுப் பேரும் மலைச்சாங்க. கட்டுக்கட்டா வீட்லயே கெடக்கு. இப்பப் போட்டுக் கேக்க மெசின் இல்ல. பாட்டு ஏத்துற கடையில கேட்டேன், கம்ப்யூட்டர்ல வச்சிருக்கான்."

"எம்புட்டு வாங்குனான்?"

"ஆயிரம் பாட்டு முந்நூறாம். எனக்கு இது ஒண்ணு போதும்னேன். 'ஒத்தப் பாட்டுக்கு என்னக்கா காசு, சும்மா கொண்டுபோங்க'ன்னுட்டான்."

"பாடுனது நீங்கதான்னு சொல்ல வேண்டியதுதான?"

"அதுக்கப்பறம் எப்படிடி சொல்ல?"