மாற்று ஆள்

ஆர்லீன்: ...ஃப்ரிட்ஜ் சரியா இருக்கு. குழாய்ல வர்ற வெந்நிச் சூடும் அளவுக்குள்ளதான். மருந்து அலமாரி... ம், பூட்டு நல்லா விழுது. காசநோய் சோதனைச் சீட்டு எல்லாருக்கும் இருக்கில்ல ஆன்ட்டி?

பெர்லிட்டா: பச்சை ஃபைல்ல இருக்கு மேடம். தங்கியிருக்கற அஞ்சு பேருக்கு, எனக்கு, இவருக்கு.

ஃபெர்மின்: ஹவாயில, இந்த வைப்பாஹு ஊர்ல எத்தனை பராமரிப்பு இல்லம் வேணா போய்ப் பாரு கண்ணு. என் கிழவி மாதிரி ஃபைல் போட ஆள் கிடையாது. நான் தும்மினாக்கூட தேதி போட்டு எழுதி வெப்பா.

பெர்லிட்டா: யோவ் கிழவா, அவங்களை வேலை பாக்க விடு.

ஆர்லீன்: பேசட்டும் ஆன்ட்டி. எட்டு வருஷமா இந்த வீட்டுக்கு வர்றேன். அங்கிள் பேசலைன்னாத்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

பெர்லிட்டா: ஆனா நீங்க மார்ச்லதானே வருவீங்க? இப்ப செப்டம்பர்...

ஆர்லீன்: ஆமா. அது... எங்க சுகாதாரத் துறைக்கு ஒரு புகார் வந்திருக்கு.

ஃபெர்மின்: புகாரா? எங்க மேலயா? எவன் அவன்?

ஆர்லீன்: அதைச் சொல்லக் கூடாது அங்கிள்.

ஃபெர்மின்: நீ என்ன சொல்றது? எனக்கே தெரியும். பின்வீட்டுக்காரன். என் சேவல் கூவறது அவனுக்குப் பொறுக்கல.

பெர்லிட்டா: சேவலை எல்லாம் வித்து மூணு வருஷம் ஆச்சு கிழவா.

ஃபெர்மின்: அப்பலேர்ந்தே கறுவிட்டு இருக்கான்னு சொல்றேன்!

ஆர்லீன்: புகார்ல சேவல் இல்ல அங்கிள். ஆன்ட்டி வெளிய போறப்ப இங்க பொறுப்பா இருக்கற மாத்து ஆள்... அவர் சரியில்லன்னு.

ஃபெர்மின்: மாத்து ஆள் நான்தானே?

ஆர்லீன்: ஃபாரத்துல உங்க பேருதான் இருக்கு.

ஃபெர்மின்: பதினெட்டு வருஷமா நான்தான்! இவ ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போவா, புதன்கிழமை சந்தைக்குப் போவா. அஞ்சு பேரையும் யாரு பாத்துக்கறா? நீயே சொல்லு கிழவி.

பெர்லிட்டா: ...நீதான்.

ஃபெர்மின்: அதை ஏன் தொண்டைக்குள்ள சொல்ற? புகார் சொன்னவன் நாக்கு அழுகட்டும்.

பெர்லிட்டா: அப்படியெல்லாம் சொல்லாதே.

ஃபெர்மின்: ஏன்? உனக்கென்ன அவன் மேல பாசம்?

பெர்லிட்டா: மேடம், புதுசா ஒரு விதி வந்திருக்காமே. மாத்து ஆளும் மருந்து எடுத்துக் கொடுத்து நேர்ல காட்டணும்னு...

ஆர்லீன்: ஜூலைலேர்ந்து. முன்னல்லாம் வகுப்புக்குப் போன சான்றிதழ் போதும். இப்ப எங்க கண்ணு முன்னாடி செஞ்சு காட்டணும். ஆனா உங்களுக்கு மார்ச் வரைக்கும் டைம் இருக்கு ஆன்ட்டி.

பெர்லிட்டா: எதுக்கு மார்ச் வரைக்கும்? நீங்களும் வந்திருக்கீங்க, இவரும் சும்மாத்தானே இருக்காரு. இப்பவே பாத்துடுங்க.

ஆர்லீன்: நிச்சயமாவா?

ஃபெர்மின்: அட, கொண்டா அந்தத் தட்டை! அந்தப் புகார்க்காரன் வந்து பாக்கட்டும்.

பெர்லிட்டா: இந்தா. காலை மருந்து. டோமா அம்மாவோடதுலேருந்து ஆரம்பி.

ஃபெர்மின்: பாத்துக்கோ கண்ணு. முதல்ல கை கழுவணும். சோப்பு போட்டு... இப்படி விரல் இடுக்குல எல்லாம். அப்புறம் டப்பால இருக்கற பேரு, தாள்ல இருக்கற பேரு, ரெண்டும் ஒண்ணான்னு பாக்கணும். டோமா... டோமா. சரி. வெள்ளை ஒண்ணு, மஞ்சள்ல பாதி. கொடுத்துட்டு நகந்து போயிடக் கூடாது. முழுங்கற வரைக்கும் நிக்கணும். அந்த அம்மா கன்னத்துல ஒதுக்கி வெச்சுட்டு சிரிக்கும். கெட்டிக்காரி.

ஆர்லீன்: அருமை அங்கிள். வகுப்புல சொல்லித் தர்றவங்களே இவ்வளவு சரியாச் சொல்ல மாட்டாங்க. அடுத்தது?

ஃபெர்மின்: அடுத்தது குபோட்டாவுக்கு... இது இல்ல... இதும் இல்ல. கிழவி, குபோட்டா டப்பா எங்க?

ஆர்லீன்: மிஸ்டர் குபோட்டாவா?

ஃபெர்மின்: பின் ரூம்ல இருக்காரே, அவருதான். சாப்பாட்டுக்கு முன்னாடி கொடுக்கணும், இல்லன்னா சர்க்கரை ஏறிடும். டப்பாவை யார் எடுத்தது?

ஆர்லீன்: பின் ரூம்ல மிஸ்டர் ஹிராட்டா இல்ல இருக்காரு?

ஃபெர்மின்: ஹிராட்டாவா? அது யாரு?

ஆர்லீன்: காலைல உங்க பக்கத்துல உக்காந்து காப்பி குடிச்சிட்டு இருந்தாரே...

ஃபெர்மின்: அவரு... விருந்தாளி. கண்ணு, விளையாடாத. ஒருத்தரோட மருந்து காணாமப் போயிருக்கு. இது பெரிய தப்பு. கிழவி, தேடு!

பெர்லிட்டா: நான் தேடித் தர்றேன். நீ பதறாதே. போய் மேடத்துக்கு நல்லதா ஒரு பப்பாளி பறிச்சிட்டு வா.

ஆர்லீன்: நாங்க ஒரு பப்பாளிகூட வாங்கக் கூடாது ஆன்ட்டி.

ஃபெர்மின்: வாங்காதே. பாரு. பாக்கக் கூடாதுன்னு விதி இல்லையே? கிழவி, குபோட்டாவுக்கு மறக்காமக் கொடுத்துடு.

பெர்லிட்டா: கொடுத்துடறேன். செருப்பைப் போட்டுட்டுப் போ.

ஆர்லீன்: ...போயிட்டாரா?

பெர்லிட்டா: ஜன்னல்ல தெரியறார் பாருங்க. மரத்துக்கிட்ட போயிட்டா அரை மணி நேரம் காயைத் தட்டித் தட்டிப் பாப்பார்.

ஆர்லீன்: மிஸ்டர் குபோட்டா இறந்து எவ்வளவு நாளாச்சு?

பெர்லிட்டா: நாலு வருஷம். சவப்பெட்டியைத் தூக்கினவங்கள்ல இவரும் ஒருத்தர்.

ஆர்லீன்: அங்கிளுக்கு எப்பலேர்ந்து இப்படி?

பெர்லிட்டா: ரெண்டு வருஷமா. அரிசி வாங்கப் போனவர் வரல. தேடிப் போனா, அவர் முன்ன வேலை பாத்த, இப்ப மூடிக் கிடக்கற கரும்பாலை வாசல்ல காரை நிறுத்திட்டு நிக்கறார். ஷிஃப்டுக்கு லேட்டாயிடுச்சு, கதவைத் திறக்க மாட்டேங்கறாங்கன்னு அழுதார். அன்னிக்குச் சாவியை வாங்கி ஒளிச்சு வெச்சேன்.

ஆர்லீன்: டாக்டர்கிட்ட?

பெர்லிட்டா: காட்டல.

ஆர்லீன்: பசங்களுக்குத் தெரியுமா?

பெர்லிட்டா: லாஸ் வேகஸ்ல இருக்காங்க. ஃபோன்ல ரெண்டு ஜோக் சொல்லிட்டு என்கிட்ட கொடுத்துடுவார். அதுக்கு மேல அவங்களுக்கு என்ன தெரியும்?

ஆர்லீன்: அப்ப... போன மார்ச்ல நான் வந்தப்பவும்?

பெர்லிட்டா: நீங்க சான்றிதழ் கேட்டீங்க. எடுத்துக் கொடுத்தேன். சான்றிதழ் நல்லாத்தானே இருந்தது.

ஆர்லீன்: ...ஆமா. நானும் டிக் போட்டுட்டுப் போயிட்டேன். ஆன்ட்டி, மருந்துல ஏதாவது தப்பு நடந்திருக்கா? மறைக்காதீங்க.

பெர்லிட்டா: ரெண்டு ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி. பூசை முடிஞ்சு வந்து பாத்தா, டோமா அம்மாவுக்கு ரெண்டு தரம் போயிருக்கு. அவங்க டாக்டரை உடனே கூப்பிட்டேன். சாயங்காலம் வரைக்கும் பக்கத்துலேயே உக்காந்து ரத்த அழுத்தம் பாத்தேன். கடவுள் புண்ணியத்துல ஒண்ணும் ஆகல. ரெஜிஸ்டர்ல இருக்கு, பாருங்க.

ஆர்லீன்: இருக்கு... நேரம், அளவு, டாக்டர் சொன்னது எல்லாம் இருக்கு. ஆனா கொடுத்தவர் பேர்ல 'பெர்லிட்டா'ன்னு போட்டிருக்கே.

பெர்லிட்டா: அது ஒண்ணுதான் பொய். இருபத்திரண்டு வருஷத்துல.

ஆர்லீன்: நான் எழுதித்தான் ஆகணும் ஆன்ட்டி.

பெர்லிட்டா: எழுதுங்க. யார் வேணாம்னா?

ஆர்லீன்: இன்னிக்கே அங்கிள் பேரு நீங்குது. வேற மாத்து ஆள் வர்ற வரைக்கும் நீங்க வாசப்படி தாண்ட முடியாது. பூசையும் இல்ல, சந்தையும் இல்ல.

பெர்லிட்டா: என் தங்கச்சி மக மரிவிக் வர்றா. வகுப்பு முடிச்சுட்டா. அதே ஃபைல்ல கடைசில இருக்கு பாருங்க, எல்லாச் சீட்டும்.

ஆர்லீன்: போன வெள்ளிக்கிழமைத் தேதி போட்டிருக்கு...

பெர்லிட்டா: அன்னிக்குத்தான் முடிஞ்சது.

ஆர்லீன்: சரி. இன்னொண்ணு இருக்கு. சொல்லவே கஷ்டமா இருக்கு. வீட்டு ஆளுக்கே பராமரிப்பு வேணும்னு டாக்டர் எழுதிட்டா, புது விதிப்படி அவரையும் கணக்குல சேக்கணும். அஞ்சு பேருக்குத்தான் உங்களுக்கு அனுமதி. அங்கிளோட ஆறு ஆகுது. தொண்ணூறு நாளைக்குள்ள ஒருத்தர் போகணும்.

பெர்லிட்டா: ஹிராட்டா போறார். ஹிலோவுல அவர் மக வீட்டுக்கு. ரொம்ப நாளா அவ கேட்டுட்டு இருந்தா, அவருதான் இங்கேயே இருக்கேன்னு பிடிவாதம் பிடிச்சார். சனிக்கிழமை உக்காத்தி வெச்சுச் சொன்னேன். என்ன தப்பு பண்ணினேன்னு கேட்டார். முருங்கைக்கீரையும் பாசிப்பயறும் ஆக்கிப் போட்டேன். சாப்பிடாம எழுந்து போயிட்டார்.

ஆர்லீன்: சனிக்கிழமையே சொல்லிட்டீங்களா?

பெர்லிட்டா: அவருக்கும் மனசு ஆற நாள் வேணாமா?

ஃபெர்மின்: கிழவி! ரெண்டு பழுத்திருக்கு! பெருசா சிறுசா?

பெர்லிட்டா: பெருசு! காம்போட பறி!

ஆர்லீன்: ஆன்ட்டி, நான் சொல்லக் கூடாத ஒண்ணைச் சொல்றேன். செவ்வாய்க்கிழமை காலைல அந்தப் புகார் ஃபோனை எடுத்தது நான்தான். அவங்க பேர் சொல்லல. வாயில துணி வெச்சுட்டுப் பேசினாங்க போல. ஆனா எட்டு வருஷமாக் கேக்கற குரல், எனக்குத் தெரியாதா? ஏன் ஆன்ட்டி... நேரா என்கிட்டயே சொல்லியிருக்கலாமே?

பெர்லிட்டா: அந்தக் கரும்பாலை வாசல்ல என் கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கினார் ஆர்லீன். பசங்ககிட்ட வாய் திறக்கக் கூடாது, டாக்டர்கிட்ட கூடாது, ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துலகூடக் கூடாதுன்னு ஒவ்வொருத்தராச் சொல்லிட்டு வந்தார்... உங்க ஆபீஸை மட்டும் சொல்ல மறந்துட்டார்.