தறியில் கட்டிய மஞ்சள் பெல்ட்

ஓரிக்கையிலிருந்து காஞ்சிபுரம் போகும் டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், மடியில் பட்டு நூல் பை.

“நேத்து எம்பொண்ணோட கராத்தே பெல்ட்ட கட்டிக்கினு தறியில உக்காந்தேன்” என்றார் மூத்தவர். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த என் காது அங்கே போய் ஒட்டிக்கொண்டது.

“இடுப்பு வலியாக்கா?”

“அதெல்லாம் இல்லமா. கிளாஸ்ல சேக்கறதுக்கு முன்ன, யார்னா வூட்டுக்கு வந்தா கதவு பின்னால ஒளிஞ்சிக்குவா. இப்ப அந்த மஞ்ச பெல்ட்ட கட்டினா போதும், நிமிந்து நிக்கிறா, கண்ணப் பாத்துப் பேசறா. எனக்கும் ஒரு தபா அப்படி நிக்கணும்னு ஆசையா இருந்துச்சு.”

“நின்னியா?”

“தறியில எங்க நிமிர்றது? குனிஞ்சாத்தான இழை தெரியும். அதுக்குள்ள அவ வந்துட்டா. சிரிப்பான்னு நெனச்சேன், சிரிக்கல. அறுந்த இழைக்குப் போடற முடிச்சயே பெல்ட்டுக்கும் போட்டு வச்சிருந்தேன், அவுக்கவே வரல. பல்லால கடிச்சு அவுத்தா. ‘ரெண்டு முனையும் சமமா தொங்கணும்மா’ன்னு திருப்பிக் கட்டிவுட்டா. ‘இப்ப தறிக்குழியிலேர்ந்து கால எடுத்து, எழுந்து நின்னு என்னப் பாரு’ன்னா.”

“எவ்ளோ நேரம் நின்ன?”

“குக்கர் விசில் அடிக்கிற வரைக்கும்.”

பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது இளையவர், முன்னால் போன மூத்தவரின் முந்தானையைப் பிடித்து மெதுவாக இழுத்தார்.

“எனக்கும் ஒரு நாள் கட்டிவுடச் சொல்லுக்கா.”