ஆடு கடிக்காத வேண்டுதல்

வெயில் வாட்டினாலும் வெண்தொப்பியைக் கழற்றாமல் வீற்றிருக்கும் எங்கள் ஊர்மன்றத் தலைவர் ஒமுர்பெக் அண்ணன் அவர்களே! முன்வரிசையை முழுசாகப் பிடித்துக்கொண்ட மூத்தோர்களே! விடியுமுன் மாவு பிசைந்து, போர்சோக் பொரித்து, எங்கள் வயிற்றை நிறைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! மண்வெட்டி பிடித்துக் கை காய்த்த என் இளைஞர் படையே! மேடைக்குப் பின்னால் மேய்ந்துகொண்டே கேட்கும் ஆடுகளே! சிரிக்காதீர்கள், இந்தக் கதையில் பாதி ஆடுகளுடையது. கோக்-புலாக் இளைஞர் குழுத் தலைவி கனிஷாய், உங்கள் அனைவருக்கும் தலைவணங்கி நிற்கிறேன்.

நம் ஓடைக்கரை யாருடையது? உங்களுடையதா? என்னுடையதா? ஊருடையது! ஊருடையது என்றால் என்ன பொருள்? யாரும் காவல் காக்கமாட்டார்கள், எல்லா ஆடும் மேயும் என்று பொருள். பனி உருகும்போதெல்லாம் கரை கரைந்தது, குடிநீர் கலங்கியது. கரையைக் கட்டிப்பிடிக்க வில்லோ மரக்கன்று நட்டோம். ஆடு தின்றது. மறுவருடமும் நட்டோம். மறுபடியும் தின்றது. மந்தையிலேயே பெரிய மந்தை சாய்ராகுல் பெரியம்மாவுடையது. கெஞ்சிப் பார்த்தேன்.

"ஆடுன்னா மேயத்தாண்டி செய்யும்! உங்க கன்னுக்கு நீங்க காவல் இருங்க" என்றார்.

ஒமுர்பெக் அண்ணனும் கையை விரித்துவிட்டார். "இந்த வசந்தத்துலயும் கன்னு பிடிக்கலேன்னா, கரையைச் சரளை தோண்டுறவங்களுக்குக் குத்தகைக்கு விட்டுடுவோம்மா. சும்மா கிடந்து என்ன லாபம்?" என்றார். முகத்தைத் திருப்பாதீர்கள் அண்ணா, சொன்னீர்களா இல்லையா? கரையைத் தோண்டினால் ஓடை ஏது? ஓடை போனால் ஊர் ஏது?

கடைசி வாய்ப்பு. ஊரையே அஷாருக்கு அழைத்தோம். அஷார் என்றால் கூலி கேட்காமல் ஊர் கூடி உழைப்பதுதானே, அதில் நம்மை மிஞ்ச யாருண்டு? ஒரு கூட்டம் கரையில் கன்று நட்டது. இன்னொரு கூட்டம் நம் படைப் பையன் திலெக் தலைமையில் சுனையைச் சுத்தம் செய்யப் போனது. மாலையில் அவன் மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தான்.

"அக்கா, மூட்டை மூட்டையா குப்பை! அந்தக் கிழட்டு மரத்துல ஒரு கந்தல் விடல, மொத்தத்தையும் அறுத்தாச்சு!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுனையடி மரத்து வேண்டுதல் துணியையா அறுத்தாய், பாவி! நான் வாய் திறப்பதற்குள் ஊர்ப் பெண்கள் திரண்டு வந்துவிட்டார்கள். முன்னால் யார்? சாய்ராகுல் பெரியம்மா!

"குப்பையாடா அது? என் மருமக வயித்துல ஒரு புழு பூச்சி உண்டாகணும்னு கட்டுனதுடா!"

"மாஸ்கோவுல கெடக்குற எம்மகன் திரும்பி வரணும்னு கட்டுனேனே, எங்கடா அது?" என்று இன்னொருத்தி.

எது எவருடையது? மூட்டைக்குள் எல்லா வேண்டுதலும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. ஆனாலும் திலெக் ஓடவில்லை. அதற்காகவே அவனுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்!

"பெரியம்மா, தெரியாம செஞ்சுட்டேன், மன்னிச்சிடுங்க. பழைய கிளையெல்லாம் கட்டு இறுகிக் காஞ்சுபோச்சு. இந்தத் துணியைப் புதுக் கன்னுல தளர்வாக் கட்டுங்க. அது வளர வளர உங்க வேண்டுதலும் வளரட்டுமே."

"வாய் மட்டும் உனக்குக் காது வரைக்கும் இருக்கு" என்று சாய்ராகுல் பெரியம்மா ஒரு துணியைப் பிடுங்கினார். குனிந்தார். ஒரு கன்றில் கட்டினார், கண்ணை மூடி முணுமுணுத்தார். பிறகு எல்லாப் பெண்களும் குனிந்தார்கள். இருட்டுவதற்குள் கரை முழுக்கத் துணி பறந்தது.

மறுநாள் காலை மந்தை வந்தது. முன்னால் பெரியம்மாவின் கருப்புக் கிடா. முடிந்தது கதை என்று நெஞ்சில் கை வைத்தேன். அப்போது கரண்டியும் கையுமாக ஒருவர் பறந்து வந்தாரே!

"ஏய் கருப்பா! அதுல வாய வெச்சே, இன்னிக்கே உன்னைச் சட்டியில போட்டுடுவேன்!"

ஆயிரம் முறை கெஞ்சியும் அடங்காத மந்தை, அந்த ஒரு கரண்டிக்கு அடங்கியது! தன் வேண்டுதலைத் தன் ஆடே தின்ன எந்தத் தாய் விடுவாள்? அன்றிலிருந்து ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு தாய் காவல். இன்று போய்ப் பாருங்கள், கரை பச்சைப்பசேல் என்று நிற்கிறது! குத்தகைப் பேச்சை மன்றமே கைவிட்டது. வளைவில் நிற்கும் கன்றில் நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை ஒன்று ஆடுகிறது. அது யாருடையது என்று நான் சொல்லமாட்டேன். தலைவர் இப்போது வியர்வையைச் சட்டைக்கையால் துடைக்கிறார், அவ்வளவுதான் சொல்வேன்!

வேலி போட்டோமா? இல்லை. வழக்குப் போட்டோமா? இல்லை. ஊருடையது என்பதை ஒவ்வொருவருடையதாகவும் ஆக்கினோம். என் படையை நினைத்து நெஞ்சு நிமிர்கிறது. தப்பு செய்த திலெக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மேல்கரை இன்னும் மொட்டையாகத்தான் கிடக்கிறது. நாளை அஷார். ஆளுக்கொரு மண்வெட்டியோடும் ஆளுக்கொரு துணியோடும் வாருங்கள். பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், போர்சோக் பொரித்த கைகளுக்கும் நன்றி கூறி...

என்னம்மா? பின்வரிசையில் என்ன கேட்கிறீர்கள்? பெரியம்மாவின் மருமகளா? அதை நான் ஏன் சொல்லவேண்டும்? போர்சோக் எண்ணெய் வாடையே ஆகாமல், மூக்கைப் பொத்திக்கொண்டு அதோ தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாளே, அவளிடமே கேளுங்கள்! வணக்கம்!