கூரையைப் பிரித்த மாவட்டத்தில் ஒரு கல்யாணம்

மணமகனைவிடப் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருக்கும் அவைத் தலைவர், எங்கள் காஸ்தெல்வென்தோ ஊர்த்தலைவர் அவர்களே! காலையில் திருமணப் பூசை வைத்த பங்குத்தந்தை எவாசியோ அவர்களே! நான் வாயைத் திறப்பதற்குள் பாதிப் பீப்பாயைக் காலி செய்துவிட்ட பெரியோர்களே! அவர்களை முறைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! தோற்ற பிறகும் வாய் குறையாத பக்கத்து ஊர் ரொக்காஸ்பினாவின் வீர மக்களே! அத்தனை பேருக்கும் இந்தப் போட்டி நடுவனின் வணக்கம், வணக்கம், வணக்கம்!

நம் விதெர்போ மாவட்டத்தின் பெருமை எது? ரோமருக்கும் முன்பு இங்கே வாழ்ந்த எத்ருஸ்கர் பாறையைக் குடைந்து சமைத்த கல்லறைகளா? கொப்பளிக்கும் வெந்நீர் ஊற்றுகளா? இல்லை, இல்லவே இல்லை! பிடிவாதம் ஐயா, பிடிவாதம்! எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு, நம் மாவட்டத் தலைநகரில் கூடிய கர்தினால்கள் ஒரு போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்க இழுத்தார்கள், இழுத்தார்கள், இழுத்துக்கொண்டே போனார்கள். நம்மவர்கள் என்ன செய்தார்கள்? கதவைப் பூட்டினார்கள்! சாப்பாட்டைக் குறைத்தார்கள்! அப்போதும் அசையாதவர்களின் தலைக்கு மேலிருந்த கூரையையே பிரித்தார்கள்! அதற்கே மூன்று ஆண்டு முழுதாக ஆகவில்லை. நம் எர்சிலியா, காஸ்பரே கல்யாணத்துக்கு ஒன்பது ஆண்டு ஆனது!

ஏன் ஆனது? ஆண்டுதோறும் இரண்டு ஊரும், சக்கரம்போல் இறுகிய சீஸை யார் அதிகத் தூரம் எறிந்து உருட்டுவது என்று போட்டி போடுகிறோம். ஜெயித்த ஊருக்குத்தான் புனித வீத்தோவின் சிலை, அடுத்த போட்டி வரைக்கும். நம் ஊர்ச் சீஸ்காரி எர்சிலியா, "நம்ம கோயில்ல வீத்தோ நிக்கும்போதுதான் மோதிரம் மாத்துவேன்" என்று சபதம் போட்டாள். ஒன்பது ஆண்டும் சிலையைத் தட்டிக்கொண்டு போனவன் யார்? அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை! ரொக்காஸ்பினாவின் எறிகாரன் காஸ்பரே!

"ஒரு தடவை தோத்துத் தொலையேன்டா" என்று கெஞ்சினேன். "வேணும்னே தோத்தா அவ என் மூஞ்சியில முழிப்பாளா மாமா?" என்றான். மாட்டாள்! எனக்கும் தெரியும்.

இந்த ஆண்டு எர்சிலியாவே களத்தில் இறங்கினாள். காஸ்பரே தன் வாழ்நாளிலேயே நீண்ட எறியை எறிந்துவிட்டு, "முடிஞ்சா தாண்டு!" என்றான்.

"ஒதுங்கி நில்லு, கால் போயிடும்!"

பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவதுபோல் சீஸைச் சுற்றி வாரைக் கட்டினாள். இழுத்தாள். விட்டாள்! உருண்டது, பாய்ந்தது, வளைவில் திரும்பியது, நீர்த்தொட்டியில் மோதிப் படாரென்று இரண்டாக உடைந்தது! ஒரு துண்டு அங்கேயே விழுந்தது. இன்னொன்று ஓடி, ஓடி, காஸ்பரேயின் எல்லையையும் தாண்டிப் போய் நின்றது.

உடைந்தால் பெரிய துண்டுதான் கணக்கு என்பது விதி. எது பெரிது? தராசு வந்தது. முள் அசையவில்லை, இரண்டும் சமம்! இரண்டு ஊரும் சட்டைக் கையை மடித்துவிட்ட நேரத்தில், கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார் காஸ்பரேயின் அம்மா செலிந்தா. தொட்டியடியில் விழுந்த துண்டை எடுத்தார். ஒரே கடி!

"ஐயோ அம்மா, நம்ம ஊரு மானம்!" என்று அலறினான் மகன்.

"நாப்பத்தியொரு வயசுக் கழுதைக்கு இன்னும் நான் சட்டை தேய்க்கிறேன். மானமாம் மானம்! இப்ப நிறுங்கய்யா!"

நிறுத்தேன். ஓடிப்போன துண்டுதான் இப்போது பெரிது, ஜெயித்தது எர்சிலியா! கடிக்கக் கூடாது என்று எந்த விதியில் இருக்கிறது? அங்கே பின்னால் கத்துகிற ரொக்காஸ்பினாக்காரரே, உட்காரும்! தீர்ப்பு தீர்ப்புதான்!

எத்ருஸ்கர் போனார்கள். ரோமர் போனார்கள். போப்பாண்டவர்களும் மூட்டை கட்டிப் போனார்கள். போகாதது எது? அன்று கூரையைப் பிரித்தது கை. இன்று சீஸைக் கடித்தது பல்! நல்லது நடக்கவில்லையா, நடத்தி வைப்போம் என்கிற அந்த நெஞ்சு இந்த மண்ணை விட்டுப் போகவில்லை, போகவும் போகாது!

இன்று காலை பீடத்தின் முன் "சம்மதமா?" என்று பங்குத்தந்தை கேட்டபோது, காஸ்பரே அவருக்கு முதுகைக் காட்டினான். நமக்கெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது. எர்சிலியா பக்கம் திரும்பி மெல்லக் கேட்டான்: "அடுத்த வருஷம் நான் எந்த ஊருக்கு எறியறது?"

"உன் ஊருக்குத்தான். முழு மூச்சோட எறியணும். தோத்துட்டு நேரா நம்ம வீட்டுக்கு வந்துடு."

"சம்மதம்!" என்று அவன் போட்ட சத்தம் மலைக்கு அந்தப்புறம் வரை கேட்டிருக்கும்.

பேச விட்ட அவைக்கும், எனக்கு மிச்சம் வைத்திருப்பீர்கள் என்று நான் நம்புகிற பன்றி வறுவலுக்கும் நன்றி சொல்லி, இரண்டு ஊரையும் ஒருசேர வணங்கி அமர்கிறேன்!