மேல்மாடி பிரைவேட் லிமிடெட்

அவைத் தலைமை ஏற்றிருக்கும் வீட்டு உரிமையாளர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் மூத்தோரே, என்னைப் போன்றவர்களோடும் குடும்பம் நடத்தும் தாய்மார்களே, வாடகை தந்து எங்களை வாழவைக்கும் குடித்தனக்காரப் பெருமக்களே, வணக்கம்!

உங்கள் முன் நிற்பவன் ஒரு கம்பெனியின் மேலாண்மை இயக்குநர். கம்பெனியின் சொத்து? என் வீட்டு மாடி. ஊழியர்? நான். வாசலில் பெயர்ப்பலகை மாட்டியவனும் நான், அந்த வாசலைப் பெருக்குகிறவனும் நான்! சிரியுங்கள் ஐயா, என் மனைவி நிறுத்தாமல் சிரித்தாள்.

"மாடியைக் கம்பெனி பேருக்கு மாத்திட்டா, குடியிருக்கிறவங்க கேஸ் போட்டாலும் உங்க சேமிப்பைத் தொட முடியாது சார். ஆனா ஒண்ணு..." என்றார் வக்கீல். அந்த ஒன்றைக் கேட்க எனக்கேது நேரம்? ரப்பர் ஸ்டாம்ப் கடைக்குப் பறந்துவிட்டேன்.

குடிவந்தவர் ஒரு நர்ஸ். "சார், படிக்கட்டுக் கைப்பிடி ஆடுது" என்றார். வெல்டரை அழைத்தேனா? இல்லை! "கம்பெனிக்கு எழுத்துல கொடுங்கம்மா" என்றேன். எழுதி, என்னிடமே கொடுத்தார். நானே வாங்கினேன், நானே முத்திரை குத்தினேன், நானே பரிசீலித்தேன், நானே கட்டுக்கம்பியால் கட்டியும் வைத்தேன்.

மூன்றாம் நாள் கம்பி அறுந்து, கைப்பிடியோடு அவரும் விழுந்தார். ஊசி போடும் வலது கை ஒடிந்தது.

நான் ஓடினேன். அவரிடமா? வக்கீலிடம்! "நீங்களே கட்டின கம்பிக்கு நீங்கதான் சார் பொறுப்பு. அன்னிக்கு சொல்ல வந்தது இதைத்தான்" என்றார்.

அப்போதாவது புத்தி வந்ததா? 'கைப்பிடியைக் கட்டியவர் யாரென்று கம்பெனிக்குத் தெரியாது' என்று கடிதம் தயாரித்தேன். இன்னொரு இயக்குநரின் கையெழுத்து வேண்டுமே! என் மனைவிதான். படித்தாள். பேனாவை மூடினாள்.

"கட்டும்போது இடுக்கி எடுத்துக் கொடுத்தவ நான்தாங்க. எனக்குமா தெரியாது?"

வெட்கத்தால் கூனிக் குறுகிப் போனேன், தோழர்களே. மாடியேறிக் கதவைத் தட்டினேன். இடது கையால் திறந்தார்.

"கம்பெனியிலிருந்து வந்திருக்கீங்களா சார்?"

"இல்லம்மா. கம்பி கட்டினவன் வந்திருக்கேன். மன்னிச்சிடுங்க. கை சரியாகிற வரைக்கும் ஆஸ்பத்திரிச் செலவும் உங்க சம்பளமும் என் பொறுப்பு."

"அது இருக்கட்டும் சார். இன்னிக்கே வெல்டரைக் கூப்பிடுங்க. எனக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டு அக்கா தினமும் இந்தப் படியிலதான் ஏறி வர்றாங்க."

கேட்டீர்களா? கை ஒடிந்தவர் என் மனைவியின் காலுக்காகக் கவலைப்பட்டார்! கம்பெனி தொடங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சேமிப்பைக் காக்க அது உதவட்டும். ஆனால் ஒளிந்துகொள்ள ஒருபோதும் அதைத் தேடாதீர்கள்! கதவு தட்டப்பட்டால், "நான்தான்" என்று சொல்ல ஒரு மனிதன் உள்ளே இருக்கட்டும்!

என் அசட்டுத்தனத்துக்கு இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்கள் பொறுமைக்குத் தலைவணங்கி விடைபெறுகிறேன். நன்றி, வணக்கம்!